சானெட் 116: ஒரு வரியில் 9 சிலபிள், அடுத்த வரியில் 11. எண்ணுவதில் எங்கே தவறு?

புதுவாசகர்:
ஷேக்ஸ்பியரின் சானெட்கள் (14 வரிக் கவிதைகள்) ஐயாம்பிக் பென்டாமீட்டரில் அமைந்தவை, அதாவது தணிந்த சிலபிளும் ஓங்கிய சிலபிளும் சேர்ந்த சீர் (ஐயாம்ப்) வரிக்கு ஐந்து, ஆக வரிக்கு 10 சிலபிள் (உச்சரிப்பு அலகு) என்று படித்தேன். சானெட் 116-இல் 5ஆம் வரி ‘ஓ நோ, இட் இஸ் அன் எவர்-ஃபிக்ஸ்டு மார்க்’. எண்ணினால் 9தான் வருகிறது. அடுத்த வரி ‘தட் லுக்ஸ் ஆன் டெம்பெஸ்ட்ஸ் அண்ட் இஸ் நெவர் ஷேக்கன்’. இதில் 11. கவிஞர் விதியை மீறுகிறாரா, நான் எண்ணுவது பிழையா? அழுத்தம் எங்கே விழும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நெடிலில் விழும் என்று வைத்துக்கொண்டால் பாதி இடத்தில் உதைக்கிறது.

யாப்புக்காரர்:
நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் சிக்கலே இருக்கிறது. தமிழ் யாப்பு மாத்திரையைப் பார்க்கும், ஆங்கில யாப்பு அழுத்தத்தைப் பார்க்கும். ‘பிகின்’ என்ற சொல்லை நம் காது குறிலிணை ஒற்று, ஒரே நிரையசை என்று வாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அது இரண்டு சிலபிள். ‘பி’ தணிந்தும் ‘கின்’ ஓங்கியும் ஒலிக்கும். இரண்டுமே குறில், ஆனாலும் அசல் ஐயாம்ப்.

செய்முறை இது. முதலில் வரியை உரைநடை போலச் சத்தமாகப் படியுங்கள். ஒன்றுக்கு மேல் சிலபிள் உள்ள சொற்களை அகராதியில் பாருங்கள். அழுத்தம் பெறும் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு நெட்டுக்கோடு இருக்கும். ஒரே சிலபிள் சொற்களில் பெயர், வினை, பெயரடை பெரும்பாலும் ஓங்கும். ‘தி’, ‘ஆஃப்’, ‘டு’ போன்றவை தணியும். இவ்வளவும் குறித்த பிறகுதான் சீர் பிரிக்க வேண்டும். முதலிலேயே தாளம் தட்டிக்கொண்டு சொற்களை அதற்குள் திணித்தால் எல்லா வரியும் ஒரே மாதிரி கேட்கும், கவிதை போய்விடும்.

உங்கள் 5ஆம் வரிக்கு வருவோம். அங்கே ‘ஃபிக்ஸ்டு’ என்று படிக்கக் கூடாது, ‘ஃபிக்ஸெட்’. உடுக்குறிக்குள் அழுத்தம்:

ஓ *நோ* | இட் *இஸ்* | அன் *எ* | வர் *ஃபிக்ஸ்* | எட் *மார்க்*

ஐந்து சீர், 10 சிலபிள். வினையின் இறுதி ‘எட்’டைத் தனி சிலபிளாக ஒலிப்பது அன்று வழக்கில் இருந்தது. சில பதிப்புகள் அந்த ஆங்கில ‘இ’ (e) எழுத்தின் மேல் சாய்கோடு இட்டு உதவும். ஒலிக்கத் தேவையில்லாத இடத்தில் அந்த எழுத்தை எடுத்துவிட்டு ஒற்றை மேற்கோள்குறி (’) போடுவார்கள். சானெட் 18-இல் ‘டிம்ட்’ அப்படி அச்சாகியிருப்பதைப் பாருங்கள்.

கடற்பறவை:
6ஆம் வரியில் பிழை எதுவும் இல்லை. ஐந்து சீரும் முடிந்த பிறகு அழுத்தமில்லாத ஒரு சிலபிள் தொங்குகிறது, அவ்வளவுதான். ‘ஃபெமினின் எண்டிங்’ என்பார்கள்.

தட் *லுக்ஸ்* | ஆன் *டெம்* | பெஸ்ட்ஸ் *அண்ட்* | இஸ் *நெ* | வர் *ஷேக்* | கன்

8ஆம் வரி ‘டேக்கன்’ என்று முடிந்து இதற்கு இணை சேர்கிறது, எனவே அதுவும் 11தான். சானெட் 20-இல் 14 வரியுமே இப்படித்தான். ஹாம்லெட்டின் ‘டு பீ ஆர் நாட் டு பீ’ வரியும் ‘க்வெஸ்ச்சன்’ என்று 11இல் நிற்கிறது.

இன்னொன்று: மேலே மூன்றாம் சீரில் ‘அண்ட்’டைக் குறித்திருக்கிறேன் என்பதற்காக அதைப் பலமாக அழுத்திப் படித்துவிடாதீர்கள். ஒரு சீருக்குள் பக்கத்துச் சிலபிளைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும்.

யாப்புக்காரர்:
சரியாகச் சொன்னீர்கள். இதே சானெட்டின் முதல் வரியையும் பாருங்கள்: ‘லெட் மீ நாட் டு த மேரேஜ் ஆஃப் ட்ரூ மைண்ட்ஸ்’. பலரும் முதல் சீரைத் திருப்பி, அழுத்தத்தை முதல் சிலபிளில் வைத்து ‘*லெட்* மீ’ என்று படிப்பார்கள். முதல் சீரைத் திருப்புவது வழக்கமானதே. மூன்றாம் ரிச்சர்ட் நாடகமும் ‘*நவ்* இஸ்’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் இங்கே சீரைத் திருப்பாமல் ‘லெட் *மீ*’ என்றும் படிக்கலாம். அப்போது பொருள் மாறுகிறது: ‘தடை உண்டென்று பிறர் ஒப்புக்கொள்ளட்டும், நான் ஒப்பமாட்டேன்’ என்ற மறுப்பு தொனிக்கும். என் காதுக்கு இந்த இரண்டாவதே பிடித்தது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புதுவாசகர்:
‘ஃபிக்ஸெட்’ என்று படித்ததும் வரி நேராகிவிட்டது, நன்றி. ஒரு துணைக்கேள்வி. 2ஆம் வரி ‘லவ்’, 4ஆம் வரி ‘ரிமூவ்’. இது எப்படி இயைபாகும்?

கடற்பறவை:
இன்றைய உச்சரிப்பில் ஆகாது, கண்ணுக்கு மட்டும்தான் ஒக்கும். அக்கால உச்சரிப்பை ஆராய்ந்தவர்கள், இந்த இணை அன்று ஒத்து ஒலித்தது என்கிறார்கள். கடைசி ஈரடியில் ‘ப்ரூவ்ட்’, ‘லவ்ட்’ வருவதும் அதே கணக்கில்தான். அமைப்பைக் குறிக்கும்போது இவற்றை முழு இயைபாகவே எடுத்துக்கொண்டு அ-ஆ-அ-ஆ, இ-ஈ-இ-ஈ, உ-ஊ-உ-ஊ, எ-எ என்று எழுதுங்கள். எதுகையைத் தேடிப் பழகிய கண் வரியின் தொடக்கத்துக்கே ஓடும். இங்கே வரியின் கடைசி அழுத்தச் சிலபிளின் உயிரொலியிலிருந்து ஒப்பிட வேண்டும். ‘ஷேக்கன்’, ‘டேக்கன்’ இரண்டிலும் ‘ஏ’ தொடங்கி எல்லாம் ஒக்கிறது, கவனியுங்கள்.