லீன் கலவை: மெலிந்ததா, நீர்த்ததா, ஐதானதா?

> மெலிந்த கலவை என்றே வைத்துவிடலாம். இல்லாவிட்டால் வேதியியலில் இருப்பதுபோல நீர்த்த கலவை.

வணக்கம் ஐயா. இன்ஜினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையில் காற்று மிகுந்திருப்பதை ஆங்கிலத்தில் லீன் (lean) என்கிறார்கள், அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. மெலிவது ஆளோ மாடோதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும், அதற்கு மேல் காற்று போனால் லீன். பெட்ரோல் துளியும் குறையாமல் காற்று மட்டும் கூடினாலும் லீன்தான், அங்கே எது மெலிந்தது? நீர்த்த என்றால் பட்டறையில் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள், அதுவும் அடிக்கடி வருகிற பழுது வேறு.

போன மழைக்காலத்தில் என் பழைய காரில் இன்ஜின் விளக்கு எரிந்தது, ஸ்கேனர் போட்டால் பி0171, அதாவது கலவை மிக லீன் என்கிற பழுதுக் குறியீடு. மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில் "எங்கேயோ ஏர் இழுக்குது சார்" என்றார். ஃபியூல் ட்ரிம் என்பது கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. வண்டி நின்றபடி சும்மா ஓடும் ஐடிலில் அது +22, ரேஸ் கொடுத்து 2500 ஆர்பிஎம் போனதும் +5. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிற வண்டி அது. சென்சாரைத் தாண்டி ஓட்டை வழியே நுழைகிற காற்று கணக்கில் வராது, ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்த ஓட்டை அங்கேதான் பெரிதாகத் தெரியும். டேங்கிலிருந்து பெட்ரோலை அனுப்பும் பம்ப் சோர்ந்திருந்தால் நேர்மாறு, மேடு ஏறும்போதுதான் ட்ரிம் எகிறும். கடைசியில் பார்த்தால் ஒரு வேக்கம் குழாயில் விரல் நக நீளத்துக்கு வெடிப்பு, அவ்வளவுதான்.

சரி, 'ஏர் இழுக்குது' என்பதையே வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். அது காரணத்தின் பெயர். பம்ப் சோர்ந்தாலும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடைத்தாலும் ஏர் இழுக்காமலே லீன் ஆகும், நமக்கு வேண்டியது நிலையின் பெயர்.

இலங்கைப் பாடநூல்களில் ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்பார்கள். ஐது பழைய சொல், அடர்த்தியில்லாதது என்று பொருள். ஐதான கலவை, செறிந்த கலவை என்று ஜோடியாக வைத்தால் லீனுக்கு எதிரான, பெட்ரோல் மிகுந்த ரிச்சுக்கும் (rich) சேர்த்து வேலை முடிந்தது. சைலன்சர் குழாயில், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று புகுந்து, கலவை சரியாக இருக்கும்போதே லீன் என்று காட்டும், கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும். அதைப் போலி ஐது என்று சொல்லிவிடலாம்.

---

தம்பி, நீர்த்தவை நான் விட்டுவிட்டேன். செறிந்த கலவையும் சரி. ஐதான என்பதுதான் இடிக்கிறது, எங்கள் ஊர்ப் பட்டறையில் சொன்னால் ஐதராபாத்தா என்று கேட்பார்கள். காற்று மிகுந்த கலவை என்றால் நீளம்தான், ஆனால் விளக்கம் சொல்லாமலே புரியும். உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள், எதற்கு முழிக்கிறார் என்று எழுதுங்கள். அதுவரை நம் சொற்பட்டியலில் இரண்டும் இருக்கட்டும்.