மறு: ரிச், லீன் கலவைகளுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

எஞ்சினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் மிகுந்தால் ரிச், காற்று மிகுந்தால் லீன். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளைப் படித்தேன். கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கருவி) பற்றி வகுப்பெடுத்துப் பழகியவன் என்ற முறையில் என் கருத்து இது.

> ரிச் மிக்சர் - வளக்கலவை. லீன் மிக்சர் - வறட்கலவை

எனக்கு உடன்பாடில்லை. வளம் என்றாலே நல்லது என்று மனம் எடுத்துக்கொள்ளும். பெட்ரோல் மிகுந்த கலவையில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்; கார்பன் மோனாக்சைடு ஏறும்; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்; புகைக்குழாய் கறுப்பாகத் தள்ளும். இதில் என்ன வளம்? மறுபக்கம், சீரான வேகத்தில் போகும்போது காற்று சற்றே மிகுந்திருந்தால் பெட்ரோல் மிச்சமாகும். அளவு மீறினால்தான் எஞ்சின் திணறும், கார்புரேட்டர் வழியே வெடிச்சத்தம் வரும். அதை வறட்சி என்று பழிப்பானேன்? ஜெர்மானியர் இவற்றைக் கொழுத்தது, மெலிந்தது என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணக்காரக் கலவை, ஏழைக் கலவை. அவரவர் உவமை அவரவருக்கு. நாம் எதையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

> செறிந்த கலவை, நீர்த்த கலவை. பாடநூலில் அமிலத்துக்கு இப்படித்தானே இருக்கிறது?

முதல் பாதியை அப்படியே ஏற்கிறேன். இரண்டாவது ஆபத்தானது. 'கலவை நீர்த்திருக்கிறது' என்று சொன்னால் மெக்கானிக் டேங்கில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றத் தொடங்குவார். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் இன்று அது வெறும் கற்பனையான சந்தேகமும் அல்ல. இலங்கைப் பாடநூல்கள் நீர்த்த அமிலத்தை 'ஐதான அமிலம்' என்கின்றன. தண்ணீர் வாடை இல்லாத, நல்ல பழைய சொல். ஆகவே என் பரிந்துரை: செறிகலவை, ஐதுகலவை. எது செறிந்தது, எது ஐதானது என்ற கேள்வி வரும். எரிபொருள்தான். இதை விளக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

இரண்டுக்கும் நடுவில், பெட்ரோலும் காற்றும் மிச்சமின்றித் தீரும் கலவைக்கும் பெயர் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. வேதியியலில் 'வேதிவினைக்கூறு விகிதம்' என்ற நீண்ட தொடர் இருக்கிறது. பட்டறையில் அது வாயில் நுழையாது. 'ஈடுகலவை' எனலாம். அடமானம் நினைவுக்கு வருகிறதே என்று யாராவது கேட்பார்கள். வரட்டும், எஞ்சின் சூழலில் குழப்பம் வராது. சொல்லுக்குள் 14.7 என்ற எண்ணை மட்டும் நுழைத்துவிடாதீர்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 அளவுக்கு இறங்கிவிடும். தனி எத்தனாலுக்கு 9 போதும்.

அதனால்தான் பொறியாளர்கள் லாம்டாவை வைத்துப் பேசுகிறார்கள்: உள்ளே போன காற்றை, தேவைப்படும் காற்றால் வகுத்து வரும் எண். ஜெர்மன் மொழியில் 'காற்று எண்' என்ற பொருளில்தான் வழங்குகிறார்கள். தமிழில் 'காற்றெண்' என்று ஒட்டி எழுதினால் அழகாகவே இருக்கிறது. ஈடுகலவைக்குக் காற்றெண் 1. குறைந்தால் செறிகலவை, கூடினால் ஐதுகலவை. எந்த எரிபொருளுக்கும் இது மாறாது. பாரத் ஸ்டேஜ் 4 என்ற இந்தியப் புகைத் தரத்தில் வந்த பெட்ரோல் கார்களின் புகைச் சோதனையில் 0.97 முதல் 1.03 வரை என்று பார்க்கப்படுவதும் இந்த எண்தான்.

> கரும்புகைக்குச் செறிபுகை என்று வைத்தால் காரணமும் விளங்கும்

விளங்காது, குழப்பும். டீசல் எஞ்சினில் மொத்தக் கணக்கில் காற்று எப்போதும் மிகுதி. வழக்கமாகக் காற்றெண் 1-க்கு மேல்தான். ஆனாலும் கரும்புகை வரும். தெளிப்புக்கு அருகே, காற்றோடு சேராத இடங்களில் டீசல் திரண்டு கரியாகிவிடுகிறது. மொத்தத்தில் ஐது, உள்ளே அங்கங்கே செறிவு. இதைச் செறிபுகை என்றால் படிப்பவர் கலவை முழுவதையும் தப்பாக எடைபோடுவார்.

புகைக்கு நிறப்பெயரே இருக்கட்டும்: கரும்புகை, நீலப்புகை, வெண்புகை. நீலப்புகைக்கும் கலவைக்கும் உறவே இல்லை. பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. கார்புரேட்டர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் அது நிற்காது. வெண்புகையில் மட்டும் ஒரு பிரிவு வேண்டும். ஊட்டியில் காலை நேரத்தில் எந்தக் காரின் பின்னாலும் வெள்ளையாக எழுவது புகையே அல்ல. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிரில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதைக் 'குழாய்ப்பனி' எனலாமா? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும். வெண்புகை என்ற பெயரை அதற்கு ஒதுக்குவோம்.

சோக்குக்கும் சொல் கேட்டிருந்தார் அண்ணன் ஒருவர். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. காற்றை மறித்துச் செறிகலவை கொடுப்பது சோக்கின் வேலை. 'காற்றுமறிப்பான்' என்று எழுதலாம்தான். ஆனால் இப்போது வரும் கார்களில் அந்தக் குமிழே கிடையாது. சோக் என்றே விட்டுவிடுவோம், அண்ணா.