மொறிஸ் மைனர் 1098 சிசி எஞ்சின்: பழையதையே திருத்துவதா, ஜப்பான் எஞ்சினுக்கு மாறுவதா?

கரவெட்டியான்:

அனைவருக்கும் வணக்கம். அப்பா வைத்திருந்த 1098 சிசி மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் ஏனைய பழைய கார்களைப் போலவே இதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். பெற்றோல் மீண்டும் வந்த பிறகு கார் பெற்றோலுக்கு மாறியது, ஆனால் எஞ்சினை முழுமையாகப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

காலையில் ஒரே திருப்பில் ஸ்ரார்ட் ஆகிறது, ஐட்லிங்கும் சீராக உள்ளது. ஆனால் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு மீண்டும் அழுத்தும்போது நீலப்புகை வருகிறது. கிளச் பெட்டியின் அடியிலிருந்து ஒயில் சொட்டுகிறது. அரை மணி நேரம் தொடர்ந்து ஓடினால் ரேடியேற்றர் கொதிக்கும் நிலைக்கு வருகிறது. நான் காட்டிய கராஜில், "இந்த எஞ்சினின் அமைப்பே பலவீனமானது, நிசான் ஏ12 எஞ்சினைப் போட்டுவிடுங்கள்" என்றார்கள். அமைப்பு உண்மையில் அவ்வளவு மோசமானதா? திருத்தினால் இந்தக் காரில் குடும்பத்தோடு கொழும்புவரை போய்வரலாமா? மாற்றுவதற்கு எனக்கு மனமில்லை. இருந்தாலும் மனத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்கவும் விரும்பவில்லை.

பழைய லோங்பிறிட்ஜ்:

தம்பி, "அமைப்பே பலவீனம்" என்ற தீர்ப்பை நான் ஏற்கமாட்டேன். உங்கள் எஞ்சின் ஒஸ்ரின் நிறுவனம் 1951இல் ஏ30 காருக்காகக் கொண்டுவந்த 803 சிசி எஞ்சினின் வழிவந்தது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாக இணைந்ததும், மைனரில் இருந்த பழைய 918 சிசி பக்கவால்வு எஞ்சின் நீக்கப்பட்டு இது பொருத்தப்பட்டது. 1956இல் 948 சிசி, 1962இல் உங்களிடமுள்ள 1098 சிசி என்று வளர்ந்த இந்தக் குடும்பம், 2000ஆம் ஆண்டில் பழைய மினி நிறுத்தப்படும்வரை உற்பத்தியில் இருந்தது. அடிப்படையிலேயே கோளாறான ஓர் எஞ்சினை அரை நூற்றாண்டு எவரும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அதன் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு சிலிண்டருக்கும் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, தாங்கும் மெயின் பெயாரிங்குகள் மூன்றே மூன்று. 803 சிசியில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டின் அடிப்பெயாரிங்குகள் வெள்ளீய உலோகத்தில் இருந்தன, கடும் ஓட்டத்தில் அவைதான் முதலில் போகும்; 948 சிசியில் அவற்றுக்குப் பதிலாக ஈய-இண்டியம் பெயாரிங்குகளும் முழு ஒயிலும் வடிகட்டப்பட்டுச் செல்லும் பில்ரரும் வந்தன. 1098 சிசியில் பெருக்கப்பட்டது முக்கியமாக ஸ்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்: 76.2 மில்லிமீற்றரிலிருந்து 83.72 மில்லிமீற்றர். இந்தக் குடும்பத்திலேயே மிக நீண்ட ஸ்ரோக் இதுதான். ஆனால் மைனரில் மெயின் பெயாரிங்கின் விட்டம் பழைய ஒன்றே முக்கால் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. அதனால் உயர்சுற்றில் நெடுநேரம் விரட்டினால் கிராங் நடுவில் வளைந்து அதிரும். இந்த எஞ்சினின் உண்மையான பலவீனம் அதுவே. மறுபுறம், 2500 சுற்றிலேயே அதன் முழு இழுவிசையும் கிடைத்துவிடுவதால் அதற்கு மேல் விரட்ட வேண்டிய தேவை அன்றாட ஓட்டத்தில் அரிதாகவே வரும். நான்காம் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய 3300 சுற்றில் ஓடும். அந்த அளவில் அதை நாள்முழுதும் நம்பலாம்.

சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் அமைப்பையும் அறிந்துகொள்ளுங்கள். நான்கு சிலிண்டருக்கும் உள்ளிழுக்கும் துளைகள் இரண்டும் புகை வெளியேறும் துளைகள் மூன்றுமாக மொத்தம் ஐந்து துளைகளே உள்ளன. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை நடுவிலுள்ள ஒரே துளையால் வெளியேறுவதால், முன்னிருந்து எண்ணினால் நான்காவதும் ஐந்தாவதுமான வால்வுகள் அருகருகே நின்று மற்றவற்றைவிட அதிகம் சூடாகின்றன. தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும்.

ஸ்பானர்:

மேலே சொன்னவை சரி. கையால் செய்து பார்க்க வேண்டியவற்றை நான் சொல்கிறேன்.

முதலில் தீப்பொறி நேரம். மண்ணெண்ணெய் ஓடிய நாட்களில் எஞ்சின் அடிப்பதைத் தவிர்க்க எல்லோரும் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைத்தார்கள். பெற்றோலுக்கு மாறியபோது அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவராமலே விட்ட கார்கள் நிறைய உண்டு. பொறி பிந்தினால் எரிப்பு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்குப் பதிலாக எக்ஸோஸ்ற் வால்வையும் ஹெட்டையும் சூடாக்கும். நீங்கள் சொல்லும் கொதிப்புக்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம், சரிசெய்யச் செலவும் இல்லை.

இரண்டாவது நம் கிணற்று நீர். சுண்ணாம்புக்கல் நிலத்து நீரை ஆண்டாண்டாக ரேடியேற்றரில் ஊற்றினால் எஞ்சின் புளொக்கின் உட்சுவரில் சுண்ணாம்புப் படை கட்டிவிடும். இந்த எஞ்சினில் முதலாம், இரண்டாம் சிலிண்டர்களுக்கு இடையிலும், மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு இடையிலும் நீர் போக வழியே கிடையாது, சுவர்கள் ஒட்டியிருக்கும். ஆகவே சுற்றியுள்ள நீர்வழி அடைபட்டால் வெப்பம் வெளியேற வேறு இடமில்லை. புளொக்கின் வலப்பக்கப் பின்மூலையில் ஒரு வடிகால் குழாய் உண்டு. அதைத் திறந்து பாருங்கள். நீர் வராவிட்டால் குழாயை முழுதாகக் கழற்றி, வளைந்த கம்பியால் உள்ளே குத்துங்கள். செம்மண் போன்ற சேறு குழம்பாக இறங்கும். அது நின்று தெளிந்த நீர் வரும்வரை விடக்கூடாது. சேறு அதிகமென்றால் பக்கத்திலுள்ள கோர் பிளக்குகளையும் (புளொக்கின் துளைகளை மூடும் தகட்டு அடைப்புகள்) தட்டி எடுத்து உள்ளே சுரண்டிக் கழுவ வேண்டும். பிறகு மழைநீரோ வடித்த நீரோ கூலன்ற் கலந்து ஊற்றுங்கள்.

மூன்றாவது கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கம். எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, முழுதாகக் காபரேற்றரைத் திறந்துவைத்து அளவெடுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். இரண்டாம் முறை அளவு நன்றாக ஏறினால் தேய்ந்தது பிஸ்டன் றிங்கும் சிலிண்டரும். ஏறாவிட்டால் வால்வு. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஒயிலையும் நீர்க்க வைத்துவிடும். அக்காலத்தில் ஒயிலை அடிக்கடி மாற்றிய கார்கள் தப்பின, மாற்றாதவற்றின் பெயாரிங் போயிற்று. அப்பா எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கிளச் பெட்டிச் சொட்டைக் கண்டு பதறவேண்டாம். இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் எதுவும் இல்லை. கிராங்கில் வெட்டிய சுருள்தவாளிப்பு ஒயிலை உள்நோக்கித் திருப்பிவிடும், அவ்வளவே. சம்பினுள் காற்றழுத்தம் கூடினால் அந்தச் சுருளால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆகவே இடப்பக்கத்து ராப்பெற் (வால்வைத் தள்ளும் உறுப்பு) மூடியிலிருந்து கீழே இறங்கும் சுவாசக் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஏ9 பயணி:

மூவரின் கருத்தையும் மதிக்கிறேன், ஆயினும் மாற்றுத் தரப்பையும் யாராவது சொல்லவேண்டும். எங்கள் மைனரில் ஏ12 இருக்கிறது. 1171 சிசி, 73 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் விட்டம்), 70 மில்லிமீற்றர் ஸ்ரோக், ஐந்து மெயின் பெயாரிங், அலுமினிய ஹெட். மைனர் எஞ்சினைப் போலவே புஷ்ரொட் எஞ்சின்தான், நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது. குறுகிய ஸ்ரோக்கும் ஐந்து பெயாரிங்கும் இருப்பதால் முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு மதவாச்சி, தம்புள்ளை என்று ஒரே இழுவையில் போகும்போது மனதில் அச்சமில்லை. பிள்ளைகளையும் வயதான தாயாரையும் ஏற்றிக்கொண்டு இரவில் வீதியோரம் நிற்கும் நிலை வரக்கூடாது என்பதே எனக்கு முதன்மையானது, பழைமை அதற்குப் பிறகுதான்.

ஆனால் இந்த மாற்றத்தை மலிவானது என்று நினைத்துச் செய்யாதீர்கள். கியர்பெட்டி, தாங்கிகள், புறொப்பெல்லர் ஷாப்ட், ரேடியேற்றர் என்று ஒவ்வொன்றாகச் செலவு இழுக்கும். டிறம் பிறேக்கை அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் கூட்டுவது தவறு. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் திருத்த வேண்டும்.

கரவெட்டியான்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்பானர் அண்ணா சொன்ன வரிசையிலேயே செய்தேன். தீப்பொறி பிந்தியே இருந்தது, சரிசெய்தாயிற்று. வடிகால் குழாயிலிருந்து முதலில் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டபிறகு கொட்டிய சேற்றைப் பார்த்தபோது இந்த எஞ்சின் இதுவரை எப்படி ஓடியது என்று வியந்தேன். இப்போது கொதிப்பு இல்லை.

கொம்பிறெஷனில் முதலாவதும் நான்காவதும் ஒத்திருக்கின்றன. இரண்டாவதும் மூன்றாவதும் தெளிவாகக் குறைவு, ஒயில் விட்டும் அவை ஏறவில்லை. ரொக்கர் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கர் கைக்கும் இடையிலுள்ளது) எல்லா வால்விலும் பன்னிரண்டு தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, இருக்கவேண்டுமென்று கையேட்டில் உள்ளது. நான்காம், ஐந்தாம் வால்வுகளில் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. டைனமோவுக்கு மேலே புளொக்கில் அறைந்திருக்கும் தகட்டில் இலக்கத்துக்கு முன்னால் 10எம்ஏ என்றும் பின்னர் யு, எல் என்றும் எழுத்துகள் இருக்கின்றன. அவற்றின் பொருள் என்ன?

பழைய லோங்பிறிட்ஜ்:

மிக நல்ல செய்தி, தம்பி. "எல்" என்பது குறைந்த அமுக்கவிகித எஞ்சின் என்பதற்கான அடையாளம். மற்றைய வகையில் 8.5 ஆக இருக்கும் விகிதம் உங்களுடையதில் 7.5 மட்டுமே. தரங்குறைந்த பெற்றோல் கிடைத்த நாடுகளுக்காகவே அதைச் செய்தார்கள். உங்கள் கார் மண்ணெண்ணெய்க் காலத்தைப் பிஸ்டன் உடையாமல் கடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது இங்கே விற்கும் 92 ஒக்டேன் அதற்குத் தாராளமாகப் போதும், விலைகூடிய 95 தேவையே இல்லை.

உங்கள் அளவுகள் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. வால்வு உட்காரும் இருக்கை வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே நேரடியாக வெட்டப்பட்டது, தனி வளையம் கிடையாது. முன்னர் பெற்றோலில் இருந்த ஈயம் அந்த இருக்கைமேல் படிந்து அதைக் காத்தது. 2002இல் இங்கு ஈயப் பெற்றோல் நின்றபின் அந்தக் காப்பு இல்லை. சூடான எக்ஸோஸ்ற் வால்வு இருக்கையைச் சிறிது சிறிதாகத் தின்று உள்ளே இறங்க, ரொக்கர் இடைவெளி மூடிக்கொள்கிறது. இடைவெளி முற்றாக மூடினால் வால்வு சரியாக அடையாமல் எரிந்துவிடும். இந்த நிலையில் கொழும்புப் பயணம் வேண்டாம்.

ஆகவே ஹெட்டை மட்டும் இறக்குங்கள். நல்ல லேத் பட்டறையில் நான்கு எக்ஸோஸ்ற் வால்வுக்கும் கடினப்படுத்திய இருக்கை வளையம் போட்டு, கைட்டுகளையும் (வால்வுத் தண்டு ஓடும் குழல்கள்) புதிதாக்கச் சொல்லுங்கள். தேய்ந்த இன்லெற் கைட் வழியாக ஒயில் உள்ளே இழுபடுவதே நீங்கள் சொன்ன நீலப்புகைக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். றிங் தேய்ந்திருந்தால் ஒயில் விட்டதும் அளவுகள் ஏறியிருக்கும். நடு இரண்டு வளையங்களும் நெருக்கமாக வருவதால் ஆழம் வெட்டும்போது அவசரப்படாத ஆளிடம் கொடுங்கள். ஹெட்டைத் திருப்பிப் பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக 40 இறாத்தல்-அடிவரை இறுக்குங்கள்.

ஸ்பானர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஹெட் இறங்கியிருக்கும்போது சிலிண்டரின் மேல்விளிம்பில் விரல்நகத்தை வைத்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் படி இருந்தால் றீபோர் செய்யாமல் (சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்காமல்) புது றிங் போடவேண்டாம், மேல்றிங் அந்தப் படியில் மோதி உடையும். படி இல்லையென்றால் கீழ்ப்பகுதியைத் தொடாமல் ஹெட்டை மட்டும் முடித்து, சம்பைக் கழற்றி அடிப்பெயாரிங் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றி ஓட்டுங்கள். ரொக்கர் இடைவெளியை 500 கிலோமீற்றரில் மறுபடி பார்த்த பிறகு கொழும்புக்குப் புறப்படலாம்.