'சிம்ப்ளிஃபை' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுமத்தினருக்கு வணக்கம். இங்க்ஸ்கேப் மென்பொருளுக்கு ஒரு வரைகலைக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். ஓர் ஒளிப்படத்தைச் சில கோடுகளும் நிழலேற்றாத இரண்டு மூன்று நிறங்களுமாகக் குறைக்கிறார்களே, ஆங்கிலத்தில் 'சிம்ப்ளிஃபை' எனப்படும் அந்த வேலைக்குப் 'படச் சுருக்கம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், "அது கோப்பின் அளவைக் குறைப்பதல்லவா?" என்று அடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வேறு சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:
புதிதாக எதற்கு? நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' இருக்கிறது. வண்ணம் தீட்டாமல் வடிவை மட்டும் கோட்டில் காட்டியது என்பது நச்சினார்க்கினியர் உரையின் கருத்து. செயலுக்குப் பெயர் வேண்டுமென்றால் 'உருவடிப்பு'. நீரை வடிப்பதும் சிலை வடிப்பதும் வேண்டாததை நீக்குவதுதானே? 'வடிவு' என்ற சொல்லே இந்த 'வடி'யில் பிறந்தது என்பது என் துணிபு.

வடிவமைப்பாளர்:
ஐயா, 'உருவடிப்பு' என்பதை 'உரு + அடிப்பு' என்று பிரித்துவிடுவார்கள். புனையா ஓவியமும் பொருந்தாது. அது இன்னும் புனையாதது; நாங்கள் செய்வது புனைந்ததைக் களைவது.

படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்போம். நுணுக்கங்கள் மங்கி, ஒளியும் நிழலும் திட்டுத்திட்டாகத் தெரியும். அந்தத் திட்டுகளின் ஓரத்தை மட்டும் வரைவோம். அதன்மேல் இன்னொரு தாள், இன்னும் குறைவான கோடுகள். பறவையென்றால் இறகுகள் போகலாம். அலகின் வளைவு போகக் கூடாது. பிக்காசோ 1945–46இல் ஒரே காளையைக் கல்லச்சில் 11 நிலைகளாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சில கோடுகளில் நிறுத்தினார்.

மென்பொருள் செய்வது வேறு. ஒளிர்வுக்கு ஒரு வரம்பு வைத்துப் படத்தைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரித்து, ஓரங்களைப் 'பாதை' எனப்படும் கோடுகளாக்குகிறது. பிறகு 'சிம்ப்ளிஃபை' கட்டளை அந்தப் பாதையிலுள்ள கணுக்களை, அதாவது கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகளை, குறைக்கிறது. திரும்பத் திரும்பக் கொடுத்தால் அலகும் மழுங்கிவிடும். அலகு எது, இறகு எது என்று அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்?

தமிழாசிரியர்:
நன்னூலில் விடை இருக்கிறது. 'சுருங்கச் சொல்லல்', 'விளங்க வைத்தல்' அழகு. 'குன்றக் கூறல்' குற்றம். உங்கள் அலகு மழுங்குவது குன்றக் கூறலேதான். ஆகவே 'குறை'யைப் பிடிப்போம். தாமரை 'மரை' ஆவது முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆவது இடைக்குறை, நீலம் 'நீல்' ஆவது கடைக்குறை. எழுத்து போகிறது, சொல் நிற்கிறது. கடைக்குறைக்குக் காட்டும் மேற்கோள் என்ன தெரியுமா? 'நீலுண் துகிலிகை'. துகிலிகை என்றால் ஓவியர் கைத் தூரிகை! 'உருக்குறை' என்றே வைத்துவிடலாம்.

நிரலர்:
மென்பொருளின் கட்டளைப் பட்டியில் 'உருக்குறை' என்று பார்த்தால், படத்தில் ஏதோ குறை என்று பிழையறிக்கை அனுப்புவார்கள். 'எளிமையாக்கு' போதும். படித்தவுடன் புரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
கைவேலைக்கு 'எளிவரைவு' என்று ஒரு நண்பர் தனிமடலில் சொல்கிறார்.

தமிழாசிரியர்:
அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். சிக்கனத் திருமணத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

வடிவமைப்பாளர்:
கட்டளைக்கு 'எளிமையாக்கு' சரி. எங்கள் வேலைக்கு அது வேண்டாம். எதை விடுவது என்று தீர்மானிக்க எனக்குச் சில வேளை நாலு நாள் ஆகிறது. அதில் எளிமை எங்கே?

மொழிபெயர்ப்பாளர்:
வெள்ளி மாலை. கட்டளைக்கு 'எளிமையாக்கு' என்று போட்டுவிட்டேன். ஆசிரியர் ஐயாவைத் தவிர யாரும் மறுக்கவில்லை. கைவேலைக்குச் சொல் அமையாததால் 'கோடுகளைக் குறைத்து வரைதல்' என்று விரித்தே எழுதி அனுப்பியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:
என் மறுப்பு அப்படியே நிற்கிறது. 'வடி'யின் வேர் பற்றி ஐந்து பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தனி இழையாகத் தொடங்குகிறேன்.