எஸ்.சி.எம். கிளைகள்: முடிவு மாணவர் கையிலா, முழுநேர ஊழியர் கையிலா?

பழையதாள்:
கல்லூரி எஸ்.சி.எம். (மாணவர் கிறிஸ்தவ இயக்கம்) கிளைகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கின்றன. இதற்குப் பக்திக் குறைவோ கொள்கைக் குழப்பமோ காரணமில்லை, நாள்காட்டிதான் காரணம். ஜூனில் மூன்றாமாண்டு மாணவர் செயலராகிறார். அறிமுகக் கூட்டம் முடியவே ஆகஸ்ட் ஆகிவிடும். உள்மதிப்பீட்டுத் தேர்வு, செமஸ்டர், கிறிஸ்துமஸ் விழா எல்லாம் போக வேலைக்கென்று மிஞ்சுவது சில வாரங்கள். ஏப்ரலில் அவர் போகும்போது தீர்மானப் புத்தகமும் கூடவே போய்விடுகிறது. தூய்மைப் பணியாளர் ஊதியத்துக்கான போராட்டம் மாதிரி ஒரு விஷயத்தை இப்படி நடத்த முடியுமா? மாநில அளவில் சம்பளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். பத்து வருடமாவது நிலைத்து நிற்பவர், முடிவெடுக்கும் அதிகாரமும் உள்ளவர்.

ஈரநிலம்:
அந்த "அதிகாரமும்" என்பதில்தான் இடிக்கிறது அண்ணே. 1895இல் ஸ்வீடனின் வாட்ஸ்டேனாவில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் தொடங்கியபோதே ஒவ்வொரு நாட்டு இயக்கமும் தன்னாட்சி உடையது என்பதுதான் அடிப்படை. இந்திய எஸ்.சி.எம். 1912இல் வந்ததும் அந்த ஏற்பாட்டுக்குள்தான். 1972இல் அடிஸ் அபாபாவில் கூடிய சம்மேளனப் பேரவை ஜெனீவா தலைமையகத்திலிருந்த அதிகாரத்தையும் வட்டாரங்களுக்குப் பிரித்தது. அதிகாரம் கீழே இறங்கிக்கொண்டே வந்த வரலாறு இது. நீங்கள் அதை மறுபடி மேலே ஏற்றச் சொல்கிறீர்கள்.

பழையதாள்:
வரலாறு பேசினால் முழுதாகப் பேசுவோம். 1950களில் அந்தச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த யாழ்ப்பாணத்து டி.டி. நைல்ஸ் அப்போது மாணவரா? நாற்பதைத் தாண்டிய போதகர். மாணவர் இயக்கத்தின் பெரிய சிந்தனைகளை மாணவரல்லாதவர்கள்தான் சுமந்திருக்கிறார்கள்.

மணிக்கூண்டு:
ரெண்டு பேருக்கும் பிரிட்டன் எஸ்.சி.எம். பதில் சொல்லும். 1970களின் நடுவில் தலைமையகம் லண்டனை விட்டு, பிரிஸ்டல் அருகே விக் கோர்ட் என்ற பழைய மாளிகைக்குப் போனது. கூட்டுவாழ்வு, படிநிலை வேண்டாம், உலக விடுதலை என்று பேச்சு உயரத்தில் இருந்தது. பல்கலைக்கழகக் கிளைகள் தேய்ந்தன. அரசியல் பேசியதால்தான் தேய்ந்தது என்று பழமைவாதிகள் சொல்வார்கள், நான் ஏற்கமாட்டேன். கிளைகளைப் போய்ப் பார்ப்பது யார் வேலை, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போனதுதான் கேடு. "படிநிலை இல்லை" என்றால் பெரும்பாலும் "பொறுப்பாளர் இல்லை" என்றே ஆகிறது.

எதிர்முனையையும் பாருங்கள். 1910இல் எஸ்.சி.எம்.மை விட்டுப் பிரிந்த கேம்பிரிட்ஜ் மாணவர் ஐக்கியத்தின் வழிவந்த மரபில் 1954இல் தொடங்கியது நம்மூர் யூ.இ.எஸ்.ஐ. என்ற சுவிசேஷ மாணவர் அமைப்பு. அவர்களுடைய சமூகப் பார்வையோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் அமைப்பு? படிப்பு முடித்தவர்களைப் பட்டதாரி ஐக்கியமாகக் கோத்து, ஊழியர் சம்பளத்தை அவர்கள் காணிக்கையில் நடத்துகிறார்கள். நம் ஆட்கள் பட்டம் வாங்கியதும் "முன்னாள்" ஆகி, பொன்விழாவுக்கு மட்டும் வருகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
பணம் என்றதும் ஒன்று. "தேசிய அலுவலகம் வெளிநாட்டு நிதியைக் கிளைக்கு அனுப்பும்" என்ற பழைய நினைப்பை விடுங்கள். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, வாங்கும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20ஆக இறங்கியது. அலுவலக ஊழியர் சம்பளம் அதில்தான் வரும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில். ஆகவே பழையதாள் ஐயாவின் பத்து வருட ஒருங்கிணைப்பாளருக்கு உள்ளூர்ப் பணம்தான் வழி.

கிளைக் கணக்கிலும் வருடாவருடம் ஒரே கூத்து. செயலர், பொருளாளர் இருவர் கையெழுத்து. ஏப்ரலில் இருவரும் போய்விடுவார்கள். புதியவர்களின் தீர்மான நகல், அடையாள ஆவணம் எல்லாம் ஏறும்வரை கணக்கு முடங்கிக் கிடக்கும். மூன்று பேர் பெயரைக் கொடுங்கள்: ஓர் ஆசிரியர், ஒரு மூன்றாமாண்டு, ஒரு இரண்டாமாண்டு. எந்த இருவர் போட்டாலும் செல்லும். வருடத்துக்கு ஒரு பெயர்தான் மாறும். சங்கமாகப் பதிவு செய்திருந்தால் நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7இல் தெரிவிக்க மறக்காதீர்கள். பழைய பெயர்களே பதிவில் நின்றுவிட்டால் பிறகு யார் உண்மையான செயலர் என்ற வழக்குதான்.

ஈரநிலம்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நினைவு வேண்டும் என்பதற்காக அதிகாரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. தேர்தலை ஜூனிலிருந்து ஜனவரிக்கு மாற்றி, இரண்டாமாண்டு மாணவரைத் தேர்ந்தெடுங்கள். பழையவரும் புதியவரும் மார்ச் வரை சேர்ந்து வேலை பார்க்கட்டும். ஊழியர் வரட்டும், பேசட்டும், ஓட்டு மட்டும் கிடையாது. அவருக்குப் பதவிக்காலம் மூன்று வருடம், அதிகம் போனால் ஒருமுறை நீட்டிப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. கிளைக்கு அறை தருவது கல்லூரி, கல்லூரி திருச்சபை நிர்வாகமான திருமண்டலத்துடையது. மலக்குழி மரணத்துக்கு எதிராகப் பதாகை பிடித்தால் தாளாளர் ஜெபம் செய்து அனுப்பிவைப்பார். அதே கல்லூரியின் ஆசிரியர் நியமனத்தில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் அடுத்த வாரம் அறைச் சாவி கிடைக்காது. சம்பளத்துக்கு இருப்பவர் அந்தக் கேள்வியைக் கேட்பாரா? இரண்டு வருடத்தில் போகப்போகிறவர்தான் துணிந்து கேட்பார். நீங்கள் குறையென்று எண்ணுகிற அந்தக் குறுகிய காலம்தான் அவருக்குக் கவசம்.

பழையதாள்:
ஜனவரித் தேர்தல் சரி, ஓட்டில்லாத ஊழியரையும் யோசிக்கலாம். கவசம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். கேட்டுவிட்டுப் போகிறவருக்கு நஷ்டமில்லை. பதில் வரும்போது யார் இருப்பார்? தகவல் உரிமைச் சட்டத்தில் தூய்மைப் பணியாளர் ஒப்பந்த நகல் கேட்கிறீர்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். அமைப்பின் பெயரில் போட்டால் திருப்பிவிடக்கூடும், குடிமகன் ஒருவர் பெயரில்தான் போட வேண்டும். மாணவர் விடுதி முகவரியைக் கொடுப்பார். பதில் வராது, முதல் மேல்முறையீடு, அதற்கு 30 முதல் 45 நாள், பிறகு தகவல் ஆணையத்துக்கு. கடைசியில் உறை வந்து சேரும்போது அந்த அறையில் வேறு பையன் இருப்பான்.

மணிக்கூண்டு:
அதற்கு ஊழியரே வேண்டாமே. உள்ளூர்ப் பட்டதாரி ஒருவர் பெயரில், அவர் வீட்டு முகவரியில் மனுப் போடுங்கள். நகல் கிளைக் கோப்பில் இருக்கட்டும்.

பழையதாள்:
அந்தப் பட்டதாரி திருமண்டலப் பள்ளியில் வாத்தியாராக இருந்தால்?