துன்ப நேரத்தில் விசுவாசம் தாங்கிய அனுபவங்கள்: பகிருங்கள்

கடலோர மருமகள்

ஓகி புயல் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தூத்தூர் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடுகிறவர்கள், எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். என் கணவரின் தம்பி திரும்பவில்லை. லட்சத்தீவில் போட் ஒதுங்கியிருக்கிறது, மகாராஷ்டிராவில் தேவ்கட்டில் நம்ம ஆட்கள் நிற்கிறார்கள் என்று வருகிற ஒவ்வொரு போனுக்கும் அவன் அம்மா, என் அத்தை, எழுந்து ஓடுவார்கள். காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லி டிசம்பர் 7 குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அப்போதும் முன்வரிசையில் இருந்தார்கள்.

எனக்கு மனதைவிட்டுப் போகாதது அதற்கப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் செபமாலையில் துயர மறைபொருள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற ஐந்து பகுதி, சொல்லிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது, இயேசு சிலுவையில் மரிப்பது, ஆரம்பித்ததும் அத்தை எழுந்து நேராக வியாகுல மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நின்று, "உனக்காவது உன் பிள்ளைய மடியில கொண்டு கிடத்தினாங்க. எனக்கு எங்க?" என்று கத்தினார்கள். சேலைத் தலைப்பு தரையில் கிடக்கிறது, செபமாலையைக் கையில் இறுக்கிச் சுற்றியதில் விரல் வெளுத்துப்போயிருக்கிறது. யாரும் பிடித்து இழுக்கவில்லை. பங்குச்சாமி வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தையே "அருள் நிறைந்த மரியே" என்று விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். நாங்கள் பின்னால் சொன்னோம்.

நெல்லை நர்ஸ்

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரி. புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தபோது கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்க்க ஜெபக்குழு வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டு, "மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "சிஸ்டர், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டார். அடுத்த கட்டிலில் இருந்த பாட்டி சர்ச் பக்கமே போகாதவர், அவருக்கும் டிரிப்ஸ் ஏறுகிறது. அந்த ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டே வந்து இந்த அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று ராத்திரி அந்த அம்மா ஜெபித்தபோது அந்தப் பாட்டியின் பெயரைத்தான் முதலில் சொன்னார்.

வசனப் பிரியன்

சகோதரி, உங்கள் இழப்புக்காக உண்மையிலேயே வருந்துகிறேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போக என் மனசாட்சி விடவில்லை. முறுமுறுப்பது விசுவாசம் ஆகாது. வேதாகமத்தில் யோபு பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்துவிட்டு, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று தரையில் விழுந்து பணிந்துகொண்டார். என் மூத்த மகன் பைக் விபத்தில் போனபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அந்த ஸ்தோத்திரம் இல்லையென்றால் இன்று நான் மனுஷனாக இருந்திருக்க மாட்டேன்.

உங்கள் அத்தைக்கு ஒன்று சொல்லுங்கள். வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் தினம் ஐந்து வாசித்தால் ஒரு மாதத்தில் 150-ம் முடிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். விடியற்காலையில், வீட்டில் சத்தம் எழும்புவதற்கு முன்னால், சத்தமாக வாசிக்க வேண்டும். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், மனம் அதிலேயே போய்விடும். சாயங்காலம் தனியாக இருக்க விடாதீர்கள், துக்கம் கூடுகிற நேரம் அதுதான்.

பாளையங்கோட்டை வாத்தியார்

ஐயா, உங்கள் மகனை நினைத்து ஜெபிக்கிறேன். ஆனால் யோபுவை முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டீர்கள். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதற்குமேல் அதிகாரம் அதிகாரமாகக் கடவுளிடமே வழக்குப் பேசுகிறார். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார் என்று 42-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், கடவுளுக்காக வக்காலத்து வாங்கிப் பேசிய நண்பர்களைத்தான். அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தார்கள், அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தார்கள். நீங்கள் சொல்கிற 150 சங்கீதத்தில் 88-ம் இருக்கிறது. அது இருட்டில்தான் முடிகிறது, அதையும் சேர்த்துத்தான் சபையில் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்குட்டியார் மட்டும் வந்து தலையைக் கோதி, சிக்கெடுத்து, பின்னிவிட்டுப் போனார். அவள் அன்றைக்குத்தான் முதல் தடவை அழுதாள்.

போட்டுக்காரர்

வேதத்தை நீங்கள் பேசுங்கள், நான் என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஓகியில் எத்தனை பேர் காணோம் என்று அரசாங்கம் ஒரு கணக்குச் சொன்னது, கோயில் பங்குகளில் வீடு வீடாக எழுதிய கணக்கு வேறாக இருந்தது. அதனால் கடலுக்கு இறங்குமுன் போட்டில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பெயர், ஆதார் நகல், வீட்டுப் போன் நம்பர் எல்லாம் எழுதி ஒரு பிரதி கோயிலில் கொடுத்து வையுங்கள். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வருகிற பையன்களின் பெயரையும் விடாதீர்கள், அவனுக்கும் ஊரில் ஒரு தாய் உண்டு. போட்டில் இருக்கிற வி.எச்.எஃப். ரேடியோ ஆழ்கடலிலிருந்து கரைக்கு எட்டாது, அதை நம்பி மட்டும் போகாதீர்கள். காணாமல்போனவரை இறந்தவராகக் கருத சட்டப்படி ஏழு வருஷம் என்பார்கள், ஆனால் அரசு தனி உத்தரவு போட்டால் அதற்கு முன்பே சான்றிதழ் கிடைக்கும், போலீஸ் புகாரின் நகலைத் தொலைத்துவிடாதீர்கள்.

கடலோர மருமகள்

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. வசனப் பிரியன் அண்ணா, நீங்கள் வராந்தாவில் ஸ்தோத்திரம் சொன்னதை நான் குறை சொல்லவில்லை, அது உங்களைத் தாங்கியது. எங்கள் அத்தையைத் தாங்கியது அந்தக் கேள்வி. மாதா கோபித்துக்கொள்ளவில்லை என்பதில் அவர்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. போட்டுக்காரர் சொன்ன பட்டியல் எங்கள் பங்கில் ஒரு நோட்டில் எழுதுகிறோம். மூத்தவர், என் கணவர், போன வாரம் இறங்கினபோது அத்தைதான் கோயிலுக்குப் போய்ப் பெயர்களைச் சொல்லி எழுதவைத்தார்கள். அசாம் பையன் இருவரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மீன் வாங்கப் போனார்கள்.