தொட்டிச் செம்பருத்தி: இலை உண்டு, பூ இல்லை

(தாம்பரம், மொட்டை மாடி)

மூன்று வருடத்துக்கு முன்னால் நர்சரியில் ஆரஞ்சு நிற ஹைப்ரிட் செம்பருத்தி ஒன்று வாங்கினேன். கறுப்புக் கவரில் முழங்கால் உயரம்கூட இல்லை, அதற்குள் ஆறு பூ. வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் குச்சி குச்சியாக இடுப்பு உயரம் போனது, பூ நின்றுவிட்டது. செடியை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. விற்பனைக்கு வளர்க்கும்போது பல இடங்களில் குட்டையாக இருக்க வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுப்பார்கள். அதன் வேகம் தீர்ந்ததும் செடி தன் சுபாவத்துக்கு வந்துவிடும்.

பூக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? உரம் போடுவோம். வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஊற்றினேன். அதில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து (நைட்ரஜன்). இலை வெற்றிலை மாதிரி பளபளத்தது, மொட்டு ஒன்றுகூட இல்லை. பூவுக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, அது நிறைய உள்ள டி.ஏ.பி. உரம் போட்டேன். அங்கேதான் கெட்டது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, புது இலையெல்லாம் வெளிறியது. செம்பருத்திக்கு மணிச்சத்து கொஞ்சம் போதும். மிஞ்சினால் இரும்புச்சத்தை எடுக்க விடாது. செம்பருத்தி கேட்பது சாம்பல் சத்தைத்தான் (பொட்டாஷ்). உரத்தையெல்லாம் நிறுத்திவிட்டு, தொட்டியின் அடித்துளை வழியே தண்ணீர் ஓட ஓட மூன்று நாள் ஊற்றி மண்ணைக் கழுவினேன்.

உண்மையில் செடி நின்ற இடமும் சரியில்லை. தண்ணீர் டாங்கின் நிழலில் இருந்தது, பத்து மணிக்கு மேல்தான் வெயில், அதுவும் இரண்டு மணி நேரம். கிழக்குக் கைப்பிடிச் சுவர் பக்கம் மாற்றினேன். காலையிலிருந்து ஒரு மணி வரை நல்ல வெயில். தை கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாக் கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே. செம்பருத்தி புது நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சியைக் கட்டிக்காத்தால் பூ உச்சியில் ஒன்றோ இரண்டோதான். சித்திரை பிறந்தபோது எண்ணிப் பார்த்தேன், பதினேழு மொட்டு!

அப்புறம் கத்திரி வெயில் வந்து பாதியைக் கொட்டிவிட்டது, அது வேறு விஷயம். கறுப்புத் தொட்டியைத் தொட்டால் கை சுட்டது. சுற்றிலும் ஈரக் கோணிச் சாக்கு, மேலே தேங்காய் மட்டை, காலையும் மாலையும் தண்ணீர். அதன் பிறகு கொட்டுவது குறைந்தது. மொட்டு கொட்டும் தொல்லை வேறு யாருக்காவது உண்டா?

(மதுரை)

எனக்கு உண்டு, ஆனால் வெயில் காரணமில்லை. கார்த்திகையிலும் கொட்டியது. கீழே விழுந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே வெள்ளையாய், எள்ளைவிடச் சின்னதாய் நாலைந்து புழு நெளிந்தது. உள்ளங்கையில் தட்டியதும் ஒன்று துள்ளி விழுந்தது. மல்லிகை மொட்டில் வருமே, அந்த மாதிரி குட்டி ஈயின் புழு. மொட்டு விழுந்ததும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து ஈயாக வந்து அடுத்த மொட்டில் முட்டை. ஆகவே மருந்தைத் தேடாமல், மஞ்சளான மொட்டையெல்லாம் விழுவதற்கு முன்னாலேயே பறித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போட்டேன். ஒரு மாதம் விடாமல் செய்த பிறகுதான் நின்றது.

இன்னொன்று, எறும்பு ஏறினால் சும்மா விடாதீர்கள். நுனி சுருண்டிருந்தால் உள்ளே மாவுப்பூச்சி இருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். சுருண்ட நுனியை வெட்டிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் தெளிக்கிறேன். மதிய வெயிலில் தெளித்து ஒருமுறை இலையைக் கருக்கிய ஆள் நான்.

(யாழ்ப்பாணம்)

செம்பருத்தியை நாங்கள் செவ்வரத்தை எண்டுவம். எங்கட ஊரில அது வேலியில தானா நிக்கும், ஆரும் உரம் போடுறதில்லை. அதையே தொட்டியில வைச்சா வெளிறிப்போகுது. எனக்குப் பிடிபட்ட காரணம் தண்ணி. இங்கத்தைக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, ஊத்த ஊத்தத் தொட்டி விளிம்பில வெள்ளையாப் படியும். நீங்கள் டி.ஏ.பி. போட்டுப் பார்த்த அதே வெளிறல் எனக்கு உரமே போடாமல் வந்தது. இப்ப மழைத்தண்ணியைப் பிடிச்சு வைச்சு தொட்டிக்கு அதைத்தான் ஊத்துறன். புது இலை பச்சையாத்தான் வருது.

(டொராண்டோ)

இங்கே செம்பருத்தி தொட்டியில் மட்டும்தான் பிழைக்கும். ஜூனில் பால்கனிக்குப் போகும், செப்டம்பரில் இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடுவதற்குள் வீட்டுக்குள் வந்துவிடும். முதல் வருடம் ஒரே நாளில் தூக்கி உள்ளே வைத்தேன், பத்து நாளில் இலை முக்கால்வாசி மஞ்சளாகிக் கொட்டியது. செத்துவிட்டது என்று எறியப் போனவளை என் மாமியார்தான் தடுத்தார், குச்சியைக் கீறிக் காட்டினார், உள்ளே பச்சை. தெற்கு ஜன்னலில் வைத்து, மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், உரம் கிடையாது. மார்ச்சில் வெட்டினேன், ஜூலையில் பூ. இலையில்லாத செடிக்குப் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால் வேர் அழுகியிருக்கும்.

(தாம்பரம்)

மதுரைக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் மாடிக்குப் போய் வந்தேன். கீழே கிடந்த மூன்று மொட்டைப் பிளந்தேன். இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் அந்த வெள்ளைப் புழு. பக்கத்துத் தொட்டியில் மல்லிகை வைத்திருக்கிறேன், முதல் வேலையாக அதைத் தள்ளி வைக்கிறேன்.